உயிரோடிருப்பவளுக்கு ஓர் இரங்கல் பக்கம்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீளுமோ என்ற அச்சத்தோடு அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையை மணக்கச் செய்யும் மூத்தோரே! ஊரார் பிள்ளைக்காகவும் உருகும் தாய்மார்களே! தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

புற்றுநோய்ப் பிரிவுக்கு நிதி திரட்ட நாளை நடக்கப் போகிறோம். அதற்கோர் இணையதளம் வேண்டுமென்றோம். "நான் செஞ்சு தரேன் மாமா, காசே வேணாம்" என்றான் என் மனைவியின் தம்பி. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவன் தொழில் என்ன தெரியுமா? இறந்தவர்களுக்கு இணையத்தில் இரங்கல் பக்கம் வடிவமைப்பது! நேரமில்லை என்று பழைய இரங்கல் பக்கத்துக்கே பச்சை வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டான்.

'யாருக்காக நடக்கிறீர்கள்?' என்று கேட்டது தளம். அந்தப் பிரிவிலே படுத்திருக்கும் என் தங்கையின் படத்தை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் பார்க்கிறேன், ஐயகோ! படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம்! கீழே மெழுகுவத்தி! அதற்கும் கீழே, 'நம்மை விட்டுப் பிரிந்தார்'!

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஐயோ மாமா! படம் போட்டா அது தானா வந்துடும். எடுக்க மறந்துட்டேன்."

மருத்துவமனைக்கு ஓடினேன். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள் என் தங்கை. அன்று எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையிலே அலைபேசி. திரையிலே அவளுக்கே எழுதிய இரங்கல்! 'உன்னைப் போல் ஒருத்தி உண்டா' என்று எதிர்வீட்டு அக்கா. 'உன் குரல் கேட்காமல் எப்படி இருப்பேன்' என்று ஒன்றுவிட்ட அண்ணன். கூட வேலை பார்த்தவர்கள் கொட்டிய கண்ணீருக்குக் கணக்கே இல்லை.

எழுதியவர்களில் பலர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். கேட்கிறேன், மாதக்கணக்காய் எங்கே இருந்தது இந்தக் கண்ணீர்? கட்டிலருகே கிடந்த நாற்காலியில் ஒருவராவது உட்கார்ந்தீர்களா? ஒருவராவது? என் மைத்துனன் போட்ட கறுப்புக் கட்டம் எனக்குப் பெரிய அதிர்ச்சியில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ஆடிப்போனேன்!

"செத்தாதான் என்னை இவங்களுக்கு இவ்வளவு பிடிக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பக்கத்தை அழிக்கச் சொல்லாதண்ணா. கறுப்பை மட்டும் எடுக்கச் சொல்லு. இரங்கல் எழுதுற இடத்துல, 'என்னைக்கு வந்து பார்ப்பீங்க'ன்னு கேட்கச் சொல்லு. உன்னைத் தவிர ஒருத்தர் வந்தாக்கூடப் போதும், ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லிடறேன்."

மாற்றிவிட்டான் மைத்துனன். இந்த நிமிடம் வரை ஒருவரும் ஒரு நாளும் குறிக்கவில்லை! நாளைக் காலைக்குள் அவள் மருத்துவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நாளைய நடை இருக்கட்டும். மருத்துவமனை இந்தத் தெருமுனையில்தான் இருக்கிறது. பார்வையாளர் நேரம் இன்னும் முடியவில்லை. இன்றைக்கு நடக்க உங்களில் யாருக்குக் கால் இருக்கிறது?

யாரது எழுந்திருப்பது? எதிர்வீட்டு அக்காவா? அழாதீர்கள் அக்கா, போங்கள். இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். அண்ணன்மாரே, வழிவிடுங்கள்! பின்னாலும் எழுந்திருக்கிறார்களா? நில்லுங்கள், நானும் வருகிறேன்.

உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து நடப்பவர்களுக்கு என் வணக்கம்!