விலைக்குத் தகுந்த பெட்டகம்

விசாரணை அதிகாரி கால்டர் அம்மையார் அவர்களுக்கு,

அன்றைக்குக் காபி குடித்து முடித்து, வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டீர்கள். "எங்க வீட்டுக்காரரும் துப்பாக்கிப் பெட்டகம் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிட்டே இருக்கார். போட்ட காசுக்குத் தேறுற மாதிரி எது நல்லாயிருக்கும், மிஸ்டர் டென்னிங்?" என்றீர்கள். கேட்ட உடனே, துக்க வீட்டில் கேட்டுவிட்டோமே என்று உங்கள் முகம் சுருங்கிப்போனது. அதில் தவறே இல்லை. நல்ல கேள்வி. அப்போது பதில் சொல்ல முடியாமல் போனது, இப்போது எழுதுகிறேன். கடிதம் எதற்கு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் அது கொஞ்சம் தள்ளிப்போகும்.

முதலில் தகடு. அதன் கனத்தை ஒரு எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். இது தெரியாமல் பதினான்கு பெரிதா பன்னிரண்டு பெரிதா என்று பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். பன்னிரண்டுக்கு மேல் போகாதீர்கள். அடுத்தது, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இருபத்து நான்கு துப்பாக்கி பிடிக்கும் என்று போட்டிருந்தால் பன்னிரண்டு பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிபார்க்கும் குழாய் பொருத்திய துப்பாக்கிகளை நெருக்கி நிறுத்த முடியாது. தீ தாங்கும் என்பதற்காக உள்ளே சுண்ணாம்புப் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். எடை அதிலிருந்துதான் வருகிறது. எடை நல்லது. திருடன் தூக்கிக்கொண்டு போக முடியாது.

எடை விஷயத்தில் என் பேச்சை நீங்கள் நம்பலாம். முப்பத்தோரு வருடம் இந்த மாவட்டத்தில் எடை, அளவு சோதிக்கும் வேலை பார்த்தேன். கறிக்கடைத் தராசு, பெட்ரோல் குழாய் எல்லாவற்றிலும் என் முத்திரை இருந்தது. ஒரு அவுன்ஸ் பிசகினாலும் விட்டதில்லை.

நான் வாங்கியது அறுநூற்று நாற்பது பவுண்டு எடை. பண்ணைச் சாமான் கடையில், இலையுதிர் காலத் தள்ளுபடியில். அந்த விலைக்கு அந்தத் தகடு வேறெங்கும் கிடைக்காது, நான் நான்கு கடை பார்த்தவன். ஒரே குறை, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிக்கொடுப்பதற்குக் கூலி தனி.

ஏன் வாங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி லோர்னாவின் தம்பி ராய்ஸ், மனைவியைப் பிரிந்த பிறகு, எங்கள் வீட்டு நிலவறையில் வந்து தங்கினான். இரண்டு மாதம் என்றான். மூன்று வருடம் ஆனது. அவன் துப்பாக்கிகளை வைத்த இடத்தில் வைத்தபடி போட்டுவைப்பான். ஒன்று குளிர்பெட்டியின் மேல், ஒன்று சோபா மெத்தைக்கு அடியில், மற்ற நான்கும் பின்கதவின் மூலையில் துடைப்பத்தோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். என் மகள் டெல்லாவுக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. செப்டம்பரில் டெல்லா போனில் சொன்னாள்: "அப்பா, அதையெல்லாம் பூட்டி வைக்கிற வரைக்கும் நான் பாப்பாவ அங்க கூட்டிட்டு வரமாட்டேன். நவம்பர்ல நன்றி நாள் விருந்துக்கும் கெடையாது. மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க." அவள் சொன்னது நியாயம். பேத்தி வர வேண்டும், அதற்குத் துப்பாக்கிகள் பூட்டில் இருக்க வேண்டும். நான் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

ராய்ஸைப் பற்றிக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். வந்த இடத்தில் நாலு பேரைச் சிரிக்கவைப்பான். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், நடந்ததை விளங்கிக்கொள்ள அது தேவைப்படும். அவன் கீழ் உதட்டுக்குள் புகையிலை அடக்குகிறவன். ஊறும் எச்சிலை ஒரு காலி சோடாப் புட்டியில் துப்பிக்கொண்டே இருப்பான். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் புட்டி. பழுப்பாக, கூழாக, மேலே தூள் மிதக்க, அடியில் சேறு மாதிரி படிந்திருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது சமையலறை ஜன்னல் ஓரத்தில் லோர்னாவின் வயலட் பூந்தொட்டிகளுக்கு நடுவில் நிற்கும், கார் இருக்கையில் நிற்கும், குளியலறையில் என் சவரக் கத்திக்குப் பக்கத்தில் நிற்கும். ஒருமுறை மூடியில்லாமல் குளிர்பெட்டிக் கதவில் பால் புட்டிக்கு அருகில் இருந்தது. "கொஞ்சம் ஓரமா வைப்பா" என்று சொன்னால், "எச்சில்தானே மச்சான், உன் வாயில ஊறறது என்ன பன்னீரா?" என்பான். லோர்னா சிரிப்பாள். மான் வேட்டைக் காலத்தில் அவன் நிலவறைத் தொட்டியில் மானைக் கழுவுவான். மறுநாள் நான் அங்கே துணி துவைக்கப் போனால் வடிகாலில் மயிரும் கொழுப்பும் அடைத்துக் கிடக்கும். விரலால் எடுக்க வேண்டும். அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை.

பெட்டகம் விற்ற கடையில் ஐவா என்ற பெண்மணி இருந்தார், விவரம் தெரிந்தவர். வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நிலவறையில், பதின்மூன்று படி இறங்க வேண்டும் என்றேன். கூலிக்கு எங்கள் ஆட்களையே வையுங்கள் என்றார். வீட்டில் மச்சினன் இருக்கிறான் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. பீட்சாவும் பீரும் வாங்கிக் குடுத்து மச்சினன வச்சு எறக்கிடலாம்னு. சரி, எறக்குங்க. ஆனா எங்க ஆளுங்க மேல இருந்து கயித்துலதான் விடுவாங்க. படியில கீழ்ப்பக்கம் யாரும் நிக்கக்கூடாது சார். நழுவுச்சுன்னா தாங்கிப் புடிச்சுக்கலாம்னு நெனைப்பாங்க. அறுநூறு பவுண்ட எவனும் தாங்க முடியாது."

நான் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்கிறவன். வேலைக் காலத்துப் பழக்கம். அவர் சொன்னதை அங்கேயே நின்று எழுதினேன்: "கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது." அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, அதே மையில், "ரா. — கீழே" என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அதுவும் என் கையெழுத்துதான். காரில் உட்கார்ந்து எழுதியது.

முன்பே தீர்மானித்துவிட்டேனா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். யார் எங்கே நிற்பது என்று எழுதி வைப்பது என் வழக்கம். ராய்ஸ் இளையவன், பலசாலி. வெளி ஆளுக்குக் கூலி கொடுக்கலாம் என்று நான் வீட்டில் ஒருமுறை சொல்லவும் செய்தேன். ராய்ஸ் சாப்பாட்டு மேஜையில் முட்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நீ வெளியில ஆள் வைப்பியா? ஊருக்குள்ள என் மானம் போயிடும் மச்சான்" என்றான். எங்கள் பக்கத்தில் இது உண்மைதான். சாமான் தூக்கக் கூலி ஆள் வைத்தால், வீட்டு ஆண்பிள்ளைகளுக்குள் ஏதோ சண்டை என்று பேசுவார்கள். நான் வற்புறுத்தவில்லை.

தள்ளுவண்டியை மெர்ல் பாகெட் கடையில் வாடகைக்கு எடுத்தேன். மெர்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை, காலை பத்து மணி. லோர்னா தேவாலயத்துக் கேக் விற்பனைக்குப் போயிருந்தாள். பெட்டகத்தை வண்டியில் ஏற்றி, வண்டியோடு மெர்ல் கொடுத்த இறுக்குப் பட்டையைச் சுற்றி, கொக்கியை என் பக்கம் வைத்து இறுக்கினேன். நான் மேலே பிடியைப் பிடித்துக்கொண்டேன். ராய்ஸ் கீழே, தோளையும் இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டகத்தில் கொடுத்து நின்றான். படிக்கு ஒரு மூச்சாக இறக்கினோம். அவன் நன்றாகத்தான் வேலை செய்தான், அதைச் சொல்லியாக வேண்டும். நான்காம் படியில், "இருப்பா, ஒரு நிமிஷம்" என்றான். பின் பையிலிருந்து புட்டியை எடுத்துத் துப்பினான். கொஞ்சம் தாடையில் வழிந்தது. அந்தக் கையாலேயே துடைத்தான். அந்தக் கையையே பெட்டகத்தின் புது வண்ணத்தில் வைத்தான். பிறகு புட்டியை என் பக்கம் தூக்கிக் காட்டி, "தாகமா இருக்கா மச்சான்?" என்றான்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். எழுத எனக்கு விருப்பமில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலை, தேவாலயத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், மேஜையில் இருந்த புட்டியை என் குளிர்காபி என்று நினைத்து எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன். விழுங்கியும் விட்டேன். அதன் கனம் எனக்கு இன்னும் தொண்டையில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்து மீன் வறுவல் விருந்தில் ராய்ஸ் இதை நடித்துக் காட்டினான். நான் எப்படி விழித்தேன், எப்படிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினேன் என்று. இருநூறு பேர் சிரித்தார்கள். லோர்னா கண்ணீர் வரச் சிரித்தாள். அதன் பிறகு எங்கே போனாலும், பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட, யாராவது ஒருவர் "ஆர்வில், தாகமா இருக்கா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு மனதில் ஒன்றும் இல்லை.

நான்காம் படியில் அவன் கேட்டபோதும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் புட்டியைப் பக்கத்துச் சுவர்ப் பலகையில் வைத்துவிட்டு மறுபடி தோளைக் கொடுத்தான். "ம், எறக்கு" என்றான். நான் கொக்கியின் நாக்கை நெம்பி விடுவித்தேன். பட்டை தளர்ந்தது. பிறகு பிடியை ஒரு சாண் உயர்த்தினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. மீதி ஒன்பது படியையும் பெட்டகம் தானே பார்த்துக்கொண்டது. சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கீழே போய்ப் பார்த்தேன். உயிர் போகச் சில நிமிடங்கள் ஆயின. அவனால் பேச முடியவில்லை, ஆனால் பார்த்தான். புகையிலை வாயிலிருந்து வெளியே வந்து தரையில் கிடந்தது. அதைக் காகிதத்தால் எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, உங்களுக்குப் போன் செய்தேன். கை கழுவ நேரம் பிடித்தது.

பட்டையின் கொக்கி தானே விட்டுவிட்டது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான்தான் அப்படிச் சொன்னேன். அதன் பிறகு ராய்ஸின் முன்னாள் மனைவி மெர்ல் மேல் வழக்குப் போட வக்கீல் வைத்துவிட்டாள். மெர்ல் கடையை மூடிவிட்டார். சென்ற வாரம், மனைவி செய்த ஆப்பிள் பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், வண்டியை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாத்துத்தான் குடுப்பேன் ஆர்வில். அன்னைக்கு மட்டும் பாக்காம விட்டுட்டேனோ என்னவோ. தூங்க முடியலப்பா. அவனக் கொன்னது நாந்தான்."

"விடுங்க மெர்ல். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பணியாரம் நன்றாக இருந்தது. ஆனால் அதன் பிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டையில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. சரியாக இருக்கும் ஒரு பொருளைப் பழுது என்று எழுதிவைப்பது, முப்பத்தோரு வருடம் நான் செய்யாத காரியம். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன்: பட்டை சரி, கொக்கி சரி, வண்டி சரி. ராய்ஸைக் கொன்றது நான். மெர்லுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

டெல்லா அடக்கத்துக்கு வந்தாள், குழந்தையைக் கொண்டுவரவில்லை. நன்றி நாளுக்கும் வரவில்லை. சாமான்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றனவா என்று போனில் கேட்டாள். ஒவ்வொன்றாகச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வாங்கியதையே நீங்களும் வாங்கலாம். ஒன்பது படி விழுந்து, ஒரு முனையில் மட்டும் வண்ணம் உரிந்திருக்கிறது. கதவு திறந்துகொள்ளவில்லை, பூட்டு முதல் தடவையிலேயே வேலை செய்தது. அன்றைக்கு மீட்க வந்த தீயணைப்பு ஆட்களே அதை நிமிர்த்தி மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள். கதவு ஓரத்து ரப்பர் காற்றுப் புகாமல் அடைக்கிறது, அதை நானே சோதித்துப் பார்த்தேன். சுவர்ப் பலகையில் நின்ற புட்டியை லோர்னா தூக்கிப் போட விடவில்லை. "அவன் வாய் பட்ட கடைசிப் பொருள் அது. கை வச்சே, பாரு" என்றாள். அதைப் பெட்டகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, நடுத் தட்டில் வைத்துப் பூட்டினேன். இப்போது வீட்டில் வாடையே இல்லை.

துப்பாக்கிகளைக் கேட்பீர்கள். அவை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. குளிர்பெட்டியின் மேல் ஒன்று, மெத்தைக்கு அடியில் ஒன்று, கதவு மூலையில் நான்கு. புட்டியோடு ஒரே பெட்டியில் எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஆர்வில் டென்னிங்