இந்தக் கல்லுல நீலம் இருக்கா?

இல்லம்மா, விக்க வரல. நீ உக்காரு, காப்பியக் குடி. இந்தச் சதுக்கத்துல எவனாவது பொட்டலத்தப் பிரிச்சாலே விக்கத்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. எனக்கு ஒங்கிட்டருந்து ஒரு பெசோ வேணாம். இந்த மோதிரத்தக் கொஞ்சம் வெயில்ல காட்டி, கல்லு எப்பிடியிருக்குன்னு சொல்லு, அது போதும்.

பச்சையா? அடப் போம்மா! மரகதம் பின்ன செவப்பாவா இருக்கும்? என்ன பச்சை, அதச் சொல்லு.

இரு இரு, எந்திரிக்காத. வெவரத்தச் சொல்லிர்றேன், இல்லேன்னா கெழவனுக்குக் கிறுக்குன்னு போயிருவ. எம் பேரு அரிஸ்தோபுலோ. அந்தா, நடபாதையில கும்பலா நிக்கிறானுங்கல்ல, அம்புட்டுப் பேரும் கல்லு யாவாரிங்க. நானும் அதுல ஒருத்தன். இது எம் பொண்டாட்டி ரொசால்பாவோட மோதிரம், கல்யாணத்துக்கு நான் போட்டது. சிவோர் சொரங்கத்துக் கல்லு. முசோ பக்கத்துக் கல்லுன்னா நல்ல புல்லுப் பச்சையா இருக்கும். சிவோர்க் கல்லுல பச்சைக்கு அடியில ஒரு நீலம் ஓடும். அந்த நீலத்தப் பாத்துத்தான் அவ என்னையக் கட்டிக்கச் சரின்னா, எம் மூஞ்சியப் பாத்தில்ல.

ஆனா மரகதம் இருக்கே, பயங்கர சொகுசுக்காரி. தட்டுனா ஒடையும், சூடு ஆகாது. உள்ள விரிசலும் துணுக்கும் கெடக்கும். நாங்க அதத் தோட்டம்னு சொல்லுவோம். தோட்டமே இல்லாம தொடச்சு வச்ச மாதிரி ஒருத்தன் கொண்டாந்தான்னா, கண்ணாடியோன்னு மொதல்ல சந்தேகந்தான் வரும். விரிசல் வெளிய தெரியாம இருக்க எண்ணெய் ஏத்துவோம். இவ என்ன பண்ணா? மோதிரத்தோடயே சுடுதண்ணில பாத்திரம் கழுவுனா. தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா? எண்ணெய் எறங்கி, விரிசல் அத்தனையும் வெள்ளையா வெளிய வந்துருச்சு. மறுபடி எண்ணெய் ஏத்தணும். யாருகிட்டக் குடுக்க? அவ தம்பி காம்போ எலியாஸ்கிட்டக் குடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, இந்தத் தெருவுல அந்த வேலைக்கு அவன மிஞ்ச ஆளில்ல.

வாங்கிட்டு வந்து வெயில்ல பாக்குறேன், நீலத்தக் காணோம்! வாடுன கொய்யா எல மாதிரி மஞ்சளடிச்சுக் கெடக்கு. எண்ணெய் ஏத்துனா விரிசல் மறையும், நீலம் எப்பிடிம்மா போகும்? வந்துச்சு பாரு எனக்குக் கோவம். நட்டநடுத் தெருவுல, கல்ல மாத்திட்டியேடா திருட்டுப் பயலேன்னு கத்திட்டேன். அவன் திருப்பி ஒரு வார்த்தை வையல. மாமா, நல்லாப் பாருங்கன்னான், அவ்வளவுதான்.

அன்னைக்கிலருந்து எவனும் அவங்கிட்ட ஒரு கல்லக் குடுக்குறதில்ல. நம்பிக் குடுக்குற தொழிலும்மா இது, ரசீதா கிழிச்சுத் தர்றோம்? இன்னைக்கு மத்தியானம் பெரியவங்க மூணு பேரு உக்காந்து தீத்து வைக்கப்போறாங்க. அதுவரைக்கும் தகராறுல கெடக்குற கல்ல வேற யாவாரி தொடமாட்டான், அது எங்க கட்டு. அவங்களுக்கும் பழைய கல்லு எப்பிடி இருந்துச்சுன்னு என்ன தெரியும்? என்னையத்தான் கேப்பாங்க. அரிஸ்தோபுலோ கண்ணுல பட்டா தப்பாதுன்னு இங்க ஒரு பேச்சு. நான் மாத்திட்டான்னா மாத்திட்டாந்தான். அவன் பொழப்பு அதோட முடிஞ்சுது.

எம் பொண்டாட்டியா? அதே கல்லுதான்னு சாதிக்கிறா. தம்பிக்குப் பரிஞ்சு பேசுறான்னு நாலு வார்த்தை கேட்டேன், பெட்டியத் தூக்கிட்டு அவன் வீட்டுக்கே போயிட்டா. அதான் ஒங்கிட்ட வந்தேன். ஒனக்குக் கல்லும் தெரியாது, எங்க சண்டையும் தெரியாது.

இந்தா, லென்சு. கண்ணுகிட்ட வச்சுக்க. தொடைச்சுக்கம்மா, மங்கலாத்தான் இருக்கும். புதுசு ஒண்ணு வாங்குனேன், அதுவும் அப்பிடித்தான். எவன் இப்ப ஒழுங்காச் செய்யுறான்? வெயிலே சரியில்ல இப்பல்லாம். எதிர்த்தாப்புல மலையிருக்கு, காலையிலருந்து ஒரே பொகையாக் கெடக்கு.

மலை பளிச்சுன்னு தெரியுதா ஒனக்கு? சரி விடு. கல்லப் பாரு.

நீலமா? நான் நீலம் நீலம்னு பொலம்புனேன்னு பாவம் பாத்துச் சொல்றியா? அதெல்லாம் வேணாம். திருப்பிப் பாரு. அப்பவும் இருக்கா?

சரி, தோட்டத்தச் சொல்லு. அது எப்பிடியிருக்கும்னு நான் ஒனக்குச் சொல்லல பாரு. அவசரப்படாத, நல்லாப் பாத்துச் சொல்லு.

கோழியெறகு மாதிரியா. ம். நேரா இருக்கா, சாஞ்சிருக்கா? சாஞ்சு... கீழ ஏதாவது? ரெண்டு புள்ளி. கறுப்பு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. நீ சரியாத்தான் சொன்ன. ஒரு கல்லோட தோட்டம் இன்னொரு கல்லுக்கு வராது. இது ரொசால்பாவோட கல்லுதான். அந்தப் பய மாத்தல.

அவன் திருடனாவே இருக்கணும்னு நான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டேம்மா, தெரியுமா? பச்சப்புள்ள மாதிரி மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டேன். அவன் திருடன்னா எனக்கு ஒரு கல்லுதான் நட்டம்.

டாக்டரா? பாக்கலாம், பாக்கலாம். ஆபரேசன் பண்ணா சரியாயிடும்னு ரொசால்பாவும் சொன்னா. தெருவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கண்ணு மங்குனவன் முன்னால எவன் பொட்டலத்தப் பிரிப்பான்? நான் வாயத் தொறக்கலேன்னா மூணு பேரும் எம் பேச்சத்தான் நம்புவாங்க. நெசம் தெரிஞ்ச வெளியாளு நீ ஒருத்திதான். நீயும் காப்பியக் குடிச்சிட்டு ஆபீசுக்குப் போயிருவ.

ஏம்மா, மறுபடியும் கல்லையே பாக்குற?

சரி, மோதிரத்தக் குடு. எனக்கு நேரமாச்சு. போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஒதவி பண்ணு. அந்தக் கும்பல்ல கன்னத்துல தழும்போட ஒருத்தன் நிப்பான், ஒல்லியா. அவந்தான் காம்போ எலியாஸ். எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாத்துச் சொல்லு. பெரியவங்ககிட்டச் சொல்றதுக்கு முன்னால நான் அவங்கிட்டச் சொல்லணும். இங்கருந்து பாத்தா எனக்கு எல்லாம் வெறும் தொப்பியாத்தான் தெரியுது.