நம்ம தெருவுலயா?

இந்த அறைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை மேடம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். குறையாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் சிலர் திரைச்சீலையைப் பார்ப்பார்கள், சிலர் சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள். என் கண் தாழ்ப்பாளுக்குத்தான் போகும். அது ஒரு வியாதி என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஆனால் அந்த வியாதி வந்ததே அவரால்தான். முன்பு நாங்கள் வேறொரு ஊரில் குடியிருந்தோம். ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. திருடன் குளியலறை ஜன்னல் வழியாக வந்திருக்கிறான். அந்த ஜன்னலைச் சாத்த மறந்தது நான். திருடனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை மேடம். வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கண் மூடும்வரை, குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "ஜன்னலச் சாத்தாதவதானே நீ" என்பார்.

அவர் போன பிறகு இந்தத் தெருவுக்குக் குடிவந்தேன். தங்கமான தெரு. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் பூட்டு என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும், மிதியடிக்குக் கீழே இருக்கும், வாசலில் கிடக்கும் ஷூவுக்குள் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் பால்காரரிடம், "கதவு சும்மா சாத்திருக்கு, உள்ள வச்சிட்டுப் போங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டால் ஒரே பதில்தான்.

"நம்ம தெருவுலயா? அட போங்கக்கா, திருடனுக்கு இந்தத் தெருவுக்கு வழியே தெரியாது."

குடியிருப்போர் சங்கத்தில் பாதுகாப்புக் குழு ஒன்று வேண்டும் என்று நான்தான் கேட்டேன். கொடுத்தார்கள். குழு என்றால் நான் மட்டும்தான். ஒரு கூட்டம் போட்டேன். வாசலில் விளக்கு, ஜன்னலுக்குக் கொக்கி, ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது என்று விளக்கினேன். வந்தவர்கள் பிஸ்கட் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும், இல்லையா? முதலில் நடன ஆசிரியை வீட்டுக்குள் போனேன். பட்டப்பகல். கூடத்துச் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என் கூடத்தில் மாட்டினேன். அலறியடித்துக்கொண்டு வருவாள், உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று காத்திருந்தேன். வந்தாள். கொஞ்சம் சர்க்கரை கேட்க வந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் என் சுவரைப் பார்த்து, "ஐயையோ, இவ்வளவு நேரம் ஆயிடுச்சா, வரேங்க்கா" என்று ஓடிவிட்டாள். அவள் கடிகாரத்தில் அவளே மணி பார்த்துக்கொண்டு போகிறாள் மேடம். அன்று நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்துவிட்டது.

இன்ஜின் மாமா வீட்டுக்கு அதன் பிறகுதான் போனேன்.

அவரை உங்களுக்கு இப்போது தெரியும். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், அதனால் அந்தப் பெயர். எனக்கு அடுத்த வீடு. மனைவி இல்லை, மகளோடு இருக்கிறார். மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். அவள் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். மாமா மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வீட்டுச் சாவி வாசலில் அவர் ஷூவுக்குள் இருக்கும்.

முதல் நாள் அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தேன். சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரே தேடல். மறுநாள் திருப்பி வைக்கப் போனேன். நானே வைத்துக்கொள்ள முடியுமா? ஆனால் எடுத்த இடத்திலேயே வைத்தால் யாரோ வந்துபோனது எப்படித் தெரியும்? அதனால் ஃப்ரிட்ஜுக்குள், முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளி ஆள் வந்திருக்கிறான் என்று குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

அவர்களுக்குப் புரியவில்லை. "என்னப்பா இது, கண்ணாடியக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வச்சிருக்கீங்க" என்று மகள் சிரிக்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நல்ல தெருவில் இருப்பவர்கள் திருடன் மேல் சந்தேகப்பட மாட்டார்கள். திருடன்தான் வரவே மாட்டானே. வீட்டுக்குள் இருக்கிற ஆள் மேல்தான் சந்தேகப்படுவார்கள்.

இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்தேன். தண்ணீர் வாசல்வரை வந்தது. அவர் சட்டைகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று சொன்னாராம். இரவில் எழுந்து எழுந்து எதையாவது தேடுகிறார் என்று மகள் சொன்னதால் அதற்கும் மாத்திரை. மாத்திரையில் மாமா பகலிலும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். எனக்கும் மெல்ல நடக்கிற சிரமம் இல்லாமல் போயிற்று.

ஆனாலும் ஒரு நாள் கண் விழித்துவிட்டார். என் கையில் அவருடைய சவரப் பெட்டி.

"நீயாம்மா?" என்றார்.

"கதவு தெறந்திருந்துச்சு மாமா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கக் கூச்சம் அவளுக்கு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா என்னென்னமோ பேசறாரு. நீங்கதான் வந்து எல்லாத்தையும் மாத்தி வக்கிறீங்களாம்."

"அதுக்கென்னம்மா, உடம்பு சரியில்லாத மனுஷன். நான் மனசுல வச்சுக்குவனா?"

என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை மேடம், அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால்தான் அடுப்புக்குப் போனேன். மாமாவுக்குத் தண்ணீர் சுடவைக்கக்கூடத் தெரியாது, சமையலறைப் பக்கமே போக மாட்டார். அங்கே அடுப்பு எரிந்தால் நிச்சயம் வேறு யாரோதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அவள் வருகிற நேரம் பார்த்து, காலி வாணலியை வைத்துப் பற்றவைத்துவிட்டு வந்தேன். அன்று பார்த்து அவளுக்கு வங்கியில் ஏதோ கூட்டம். ஜன்னல் திரை பிடித்துக்கொண்டது. முதலில் ஓடிப்போய் அணைத்தது நான்தான், தெருவே சாட்சி. மாமா வெறுங்கையால் திரையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு கையும் கொப்பளித்துவிட்டது.

அந்த வாரமே வாசலுக்கு இரும்புக் கம்பிக் கதவு வந்தது. வேலைக்குப் போகும்போது மகள் வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். தடிமனான பூட்டு, நல்ல கம்பெனி. எங்கள் தெருவில் முதன்முதலாக ஒரு வீடு ஒழுங்காகப் பூட்டப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாற்றுச் சாவியை என் கையில் கொடுத்து, "அப்பப்ப எட்டிப் பாத்துக்கங்கக்கா, உங்கள விட்டா எனக்கு யாரு" என்றாள். பகலெல்லாம் மாமா உள்ளேயிருந்து அந்தக் கதவைப் பிடித்து ஆட்டுவார். எவ்வளவு ஆட்டினாலும் அசையாது. அவ்வளவு உறுதி.

கொஞ்ச நாளில் ஆட்டுவதையும் விட்டுவிட்டார். ஒரு நாள் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். கையில் கட்டு.

"எனக்கு ஏதோ ஆயிடுச்சும்மா. எத்தன ஆயிரம் பேரக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒரு சிக்னலத் தவறவிட்டதில்ல. இப்ப அடுப்பப் பத்தவச்சதுகூட ஞாபகமில்ல. உன்னப் போய்க் கண்டபடி சொல்லிட்டேன். மன்னிச்சுரும்மா."

"பரவாயில்ல மாமா, விடுங்க" என்றேன். மனதார மன்னித்துவிட்டேன்.

பூட்டுப் போட்ட பிறகும் ஏன் போனாய் என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாகிவிட்டால் அதுவும் அலட்சியம்தானே மேடம்? சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? அதைக் காட்டத்தான் போனேன். மகள் காய்ச்சலில் பாதி நாளோடு வந்து உள்ளறையில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. மாமாவின் கண்ணாடியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். திரும்பினால் நிற்கிறாள். கத்துவாள் என்று பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க்கா?" என்றாள்.

"சாவி குடுத்தது நீதானேம்மா" என்றேன். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நேற்று மாமா இந்த ஸ்டேஷனுக்கு வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் எதிரே வந்து உட்கார்ந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, முகம் தெளிந்திருந்தது.

"குழாயத் தெறந்துவிட்டது?"

"நான்தான் மாமா."

"அடுப்பு? அதுவும் நீதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான்தான் மாமா. எல்லாமே நான்தான்."

மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடி? எனக்கு ஒண்ணுமே இல்லடி" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். வாசல் கான்ஸ்டபிள்கூட எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், அப்பாவின் கையை எடுத்து அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். போகும்போது மாமா மகளுக்கு முன்னால், துள்ளாத குறையாக நடந்து போனார்.

இத்தனை நாள் பக்கத்து வீட்டில் இருந்தும் அவரை நான் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. கண்ணாடி, குழாய், சட்டைகள், அடுப்பு, எல்லாம் நான் செய்தவைதான், மறைக்கவில்லை. அதோடு, அவரை அப்படிச் சிரிக்கவைத்ததும் நான்தான் மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.