இடப்பக்கத்து நரம்பு

எனக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. மகள் வுபித் எங்கள் கோஜாம் வட்டார வானொலியில் ஆட்டம் சொல்லும் நாட்களில் மட்டும் கேட்பேன். பந்து வலைக்குள் போனால் அவள் போடும் கூச்சலுக்கே காப்பிக் கடையில் ஆட்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அவள் கழுத்தில் இடப்பக்கம் கட்டி வந்தது. இந்த மலைநாட்டில் அது அதிசயமில்லை. சர்ஜனாக நான் அறுத்து எடுத்ததே பெரும்பாலும் தைராய்டுக் கட்டியைத்தான். அதை எடுப்பது பெரிய வித்தை இல்லை ஐயா. அதன் பின்னால், மூச்சுக்குழலை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை நூல் மாதிரி நரம்பு ஏறும். ஒன்று போனால் குரல் கம்மிப்போகும். இரண்டும் போனால் மூச்சே அடைத்துவிடும். அதனால் நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு கை வைப்பேன். என் கையில் யாருக்கும் குரல் போனதில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"அடிஸ் அபாபாவுக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிறியா?" என்று அவளையே கேட்டேன்.

"உங்க கை இருக்கறப்போ அங்க எதுக்குப்பா? தழும்பைக் கோணலாப் போட்டீங்க, ரேடியோவுல பேர் சொல்லித் திட்டுவேன்" என்று சிரித்தாள்.

அந்த வாரம்தான் அடிஸ் வானொலியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தங்க அறைகூடப் பார்த்துவிட்டாள். அவள் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரே தட்டில் இஞ்செராவைப் பிய்த்துச் சாப்பிடுவோம். தலைநகரில் தனியாக ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்று உங்களுக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. சத்தம் போடக்கூட இல்லை.

ஆபரேஷன் அன்று நரம்பு நன்றாகவே தெரிந்தது. சிஸ்டர் யெஷி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

"டாக்டர், அது நரம்பு."

"தெரியும் சிஸ்டர்."

"கட்டி அதுல ஒட்டவே இல்லையே. விலக்கிவிட்டாப் போதுமே?"

"கத்தரிக்கோல் குடுங்க."

கொடுத்தார். இத்தனை வருடப் பழக்கத்தில், எனக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். இருந்தது. வெட்டினேன். பிறகு தையலை நேராகவே போட்டேன்.

இப்போது வுபித் பேசினால் காற்றுதான் அதிகம் வருகிறது. அடிஸில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் சொல்வது காதில் விழ வேண்டுமானால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தேன். யெஷி அவளிடம் விஷயத்தைச் சொல்லும்வரை நன்றாகத்தான் இருந்தோம். "ஏன்ப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

விசாரணைக் குழு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்கு வலப்பக்கமும் சிறிதாகக் கட்டி இருக்கிறது. என்றாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே இருக்கும் நரம்பும் போனால் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். எவனோ ஒருவன் கையில் அவளை ஒப்படைத்துவிடாதீர்கள். அந்த நரம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள, பெற்றவனை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?