விருந்துக்குப் பேரிக்காய்

— தோலை மட்டும் சீவும்மா, காம்பை உடைச்சிடாதே. காம்போட இருந்தாத்தான் தட்டுல வைக்கும்போது அழகா இருக்கும்.

— அழகு! உங்க வீட்டுக்காரரோட மேனேஜர் திங்கறதுக்கு அழகு ஒண்ணுதான் குறைச்சல். நிஜமாச் சொல்லுங்க அண்ணி, உங்களுக்குக் குமட்டலையா?

— குமட்டுதுன்னு உக்காந்தா அடுப்பு வேலை ஆகுமா? ரெண்டா வெட்டு. நடுவுல இருக்கற விதையை டீஸ்பூனால வழிச்சு எடு. கறுத்துப் போறதுக்குள்ள எலுமிச்சம்பழத்தைத் தடவிடு.

— கர்மம். நாள் பூரா ஆஸ்பத்திரியில நின்னுட்டு வந்தவளை உக்கார வச்சு விதை எடுக்க விடறீங்க.

— நீயாத்தானே வந்து என் கையிலேருந்து கத்தியைப் பிடுங்கினே?

— சும்மா உக்காந்தா உங்களைத் திட்டத் தோணுது. அதான். சீ, இந்தச் சத்தமே பிடிக்கல. கரக் கரக்னு.

— பழத்துக்குள்ள கொஞ்சம் மணல் மாதிரிதான் இருக்கும். வெந்தா சரியாயிடும்.

— பழத்தைச் சொல்லல அண்ணி, சத்தம் எலும்பை அறுக்கற மாதிரி இருக்கு. ஆக்ஸிடென்ட் ஆன அன்னைக்கு எக்ஸ்ரே ரூம்ல நான்தான் டியூட்டியில இருந்தேன். யாரையோ தள்ளிட்டு வந்தாங்க. மூஞ்சியைப் பாக்காமலே, வலது கையை நீட்டுங்கன்னுட்டேன். துணி சுத்தின மூட்டை ஒண்ணை நீட்டினார். அப்பறம்தான் நிமிர்ந்து பாத்தேன், உங்க வீட்டுக்காரரோட ஃபேக்டரியில வேலை பாக்கற மீசை அண்ணன். நம்ம மீசை அண்ணன். படத்துல மணிக்கட்டோட சரி. அதுக்கு அப்பறம் விரலே இல்ல, வெறும் கறுப்பு.

— தெரியும்மா.

— தெரிஞ்சுமா வெண்ணெய் உருக்கிட்டு இருக்கீங்க?

— அடுப்பைக் குறை. வெண்ணெய் சிவந்துட்டா கசக்கும். அந்தப் பட்டையை ஒடிச்சுப் போடு. சர்க்கரை நான் போட்டுக்கறேன்.

— பேச்சை மாத்தாதீங்க. அட்டைப்பெட்டி வெட்டற மெஷின்ல கை போயிடக் கூடாதுன்னுதான் அந்தத் தடுப்பே இருக்கு. வேலை ஓடணும்னு அதைக் கழட்டச் சொன்னது இந்த மேனேஜர். பக்கத்துல நின்னு பாத்தது உங்க புருஷன். விசாரணையில வாயைத் திறந்து என்ன சொன்னான்? மீசை அவனாவே கழட்டிட்டான்னு. எப்படி அண்ணி நாக்கு வந்துச்சு? நம்ம வீடு மாத்தினப்போ பீரோவை முதுகுல சுமந்து ஏத்தினவர் அவர்.

— ம்.

— "ம்" மட்டும்தானா? கூடப் பிறந்தவள் நான், எனக்கே அவன் குடிச்ச டம்ளரைத் தொடக் கூசுது. நீங்க என்னடான்னா பொய் சொன்னதுக்குக் கிடைச்ச பதவிக்கு விருந்து வைக்கறீங்க. கடையில ஒரு கேக் வாங்கி மூஞ்சியில எறிஞ்சிருக்கலாம்ல?

— உங்க அண்ணன் கேக்தான் வாங்கலாம்னார். நான்தான் வேண்டாம், பேரிக்காய் செய்யறேன்னேன்.

— நீங்களாவா சொன்னீங்க? த்தூ. எனக்கு இனிமே பேச ஒண்ணும் இல்ல.

— பேச வேண்டாம். தட்டை இப்படித் தள்ளு. வெட்டின பக்கம் கீழ இருக்கணும். ஆங், அப்படித்தான். மேல பாகை ஊத்தி, அலுமினியத் தாளால மூடி ஓவன்ல வை. கை சுட்டுக்காதே.

— அண்ணி, ஒண்ணு மட்டும் கேக்கறேன். ராத்திரி அவன் பக்கத்துல எப்படித் தூங்கறீங்க?

— தூங்கறேன்னு உனக்கு யார் சொன்னா?

— ஆகா, வாசனை கேட் வரைக்கும் தூக்குது! என்ன, அண்ணியும் நாத்தனாரும் கூட்டணி போட்டாச்சா?

— வாங்க இன்சார்ஜ் சார். செருப்பைக் கழட்டிட்டு வரலாமா, இல்ல பதவி வந்ததும் அதுவும் போச்சா?

— ஏய், அண்ணன்கிட்டப் பேசற மாதிரிப் பேசு. சார் வர நேரத்துல ஆரம்பிக்காதே, புரிஞ்சுக்கோ.

— நல்லாப் புரிஞ்சுக்கிட்டேன். மீசை அண்ணனைப் போய்ப் பாத்தியா?

— அந்த ஆளை எதுக்கு நான் பாக்கணும்? கேஸ் நடக்குதுல்ல.

— அந்த ஆளா? போன மாசம் வரைக்கும் தோள்ல கை போட்டுட்டுத் திரிஞ்சியே, அப்போ மீசை. இப்போ அந்த ஆளு. கேக்கவே அசிங்கமா இருக்கு.

— நீ சின்னப் பொண்ணு, உனக்கு உலகம் தெரியல. நான் மாத்திச் சொல்லியிருந்தா என்னையும் சேத்து வெளிய தள்ளியிருப்பாங்க. ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கணுமா? நான் உண்மையைச் சொன்னா அவன் கை திரும்ப முளைச்சிடுமா, சொல்லு?

— ஐயோ! அண்ணி, கேட்டீங்களா? இதையும் கேட்டுட்டு நிக்கறீங்களே!

— கேட்டேன். ஓவனைத் திற. பாகைக் கரண்டியால மோந்து பழத்து மேல ஊத்தணும். இல்லாட்டி காஞ்சிடும்.

— பாரு, உங்க அண்ணி புரிஞ்சுக்கிட்டவ. குடும்பம்னா என்னன்னு தெரிஞ்சவ. எங்க, கையைக் கொடு...

— தொடாதீங்க. வெண்ணெய்க் கை.

— உன் கைதானே, பரவாயில்ல.

— தொடாதீங்கன்னேன்.

— சரி சரி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி கடுகடுன்னு இருக்கீங்க. சார் சம்சாரம் முன்னாடி இந்த மூஞ்சியோட வந்து நிக்காதீங்க. அது வெந்துடுச்சா, இல்லையா?

— இன்னும் வேகணும்.

— போதும்டி, குழைஞ்சுடப் போகுது. ஹோட்டல்ல கொஞ்சம் கெட்டியாத்தான் கொடுப்பான். கத்தி வச்சு மெல்லமா நறுக்கிச் சாப்பிடுவாங்க. அதுதான் நாகரிகம்.

— இது ஹோட்டல் இல்ல. ஸ்பூனை வச்சா தானா விட்டுக் கொடுக்கணும். அது வரைக்கும் எடுக்க மாட்டேன்.

— அண்ணி, நான் கிளம்பறேன். அந்த மேனேஜர் வந்து கால் மேல கால் போட்டு உக்காந்து, பாதாம் தூவி க்ரீம் ஊத்தி நீங்க நீட்டறதை என்னால பாக்க முடியாது.

— கொஞ்சம் இரு.

— எதுக்கு? பாத்திரம் கழுவவா?

— எனக்காக இரு. இன்னைக்கு என் பக்கத்துல ஒரு ஆள் வேணும்.

— ஏய், மேஜையில கத்தியையே காணோம்! அந்த நல்ல செட்டு எங்க? எல்லாருக்கும் வெறும் ஸ்பூனை வச்சிருக்கே. சார் என்ன நினைப்பார்?

— கத்தி வைக்கலங்க.

— மறந்துட்டியா? எங்க இருக்குன்னு சொல்லு, நானே எடுத்து வைக்கறேன்.

— மறக்கல. இதைப் பாருங்க. ஸ்பூன் பட்டதும் எப்படி விட்டுக் கொடுக்குது பாருங்க. இப்போ சரி. ஓவனை அணைச்சுடும்மா.

— பெல் அடிக்குது! வந்துட்டார். என்னது, போன்கூடப் பண்ணாம வந்துட்டாரே. சட்டை சரியா இருக்கா? ஏய், நீ கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு.

— சார் இல்லங்க அது. நான் கூப்பிட்ட மீசை அண்ணன். மேனேஜரும் வரார்னு சொல்லித்தான் கூப்பிட்டேன், தெரிஞ்சுதான் வரார். இடது கையால சாப்பிட அவருக்கு இன்னும் பழகல, அதான் கத்தி வேண்டாதபடி வேக வச்சேன். போங்க, நீங்களே கதவைத் திறங்க.