குதிகால் கணக்கு

– உசுரோட இருக்குன்னு சொல்லிட்டேனேண்ணே. இன்னும் எத்தனை தடவை கேப்பீங்க?

– நீ மட்டும் தனியா வந்து நிக்கிறியே முருகையா. எம்பொஞ்சாதி எங்கன்னு கேக்காம வேற என்னத்தைக் கேக்கச் சொல்ற?

– மருதம்மா மதினி பின்னால வருது. சயாம்ல ரயில் பாதை போடுற இடத்துல சீக்காளிங்களை மட்டும் சப்பான்காரன் திருப்பி அனுப்புறான். சுங்கைப்பட்டாணி வரைக்கும் கூட்ஸ் வண்டியில வந்தோம். அங்க கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாட்டு வண்டி பிடிச்சோம். இப்ப பாலத்துக்கிட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க.

– பாலமா? அரை மைலுதானே! வா, போவோம்.

– இருங்க அழகேசண்ணே. ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் உங்களைக் கூட்டியாரணும்னு மதினி சொல்லியிருக்கு. அதுக்குத்தான் நான் முன்னால வந்தேன். மொதல்ல ஒரு வாய் தண்ணி கொடுங்க. மூச்சு வாங்குது.

– இந்தா. எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா. அந்த ஸ்டூல்ல உக்காராத, கயிறு தட்டிரும்.

– என்னண்ணே இது, விட்டத்துல தொங்குது? ரப்பர் ஷீட்டு தெரியுது. பக்கத்துல ஈரத்துணி சுத்தி... கறியா?

– ஆட்டோட பின்னங்கால் நரம்பு. முனியாண்டி கோயில்ல வெட்டின கிடாயோடது. பத்து ராத்தல் கல்லு கட்டி மூணு நாளாத் தொங்குது.

– நாங்க அங்க எலி பிடிச்சுத் தின்னோம். நீங்க நரம்பைத் தொங்கவிட்டு வேடிக்கை பாக்குறீங்க.

– திட்டு. ஆனா மருதம்மா வர்றதுக்குள்ள ஒண்ணை யாருகிட்டயாவது சொல்லிரணும். எனக்குக் கால்ல வெட்டுப்பட்டது ஞாபகம் இருக்கில்ல?

– இல்லாம? சயாமுக்கு ஆள் எடுத்த வாரம். மம்பட்டி தவறி விழுந்துச்சு.

– தவறல. நானே வெட்டிக்கிட்டேன். ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்தியால. எவ்வளவு ஆழம் போகணும்னு கணக்குப் போட்டு வெட்டுனேன்.

– என்னண்ணே சொல்றீங்க?

– நம்ம தோட்டத்து கெமிஸ்ட் துரை சப்பான் சண்டைக்குப் பயந்து ஓடும்போது தராசு, எடைக்கல்லு, கட்டம் போட்ட தாளு எல்லாத்தையும் இங்கயே போட்டுட்டுப் போனாரு. எவ்வளவு பாரம் போட்டா ரப்பர் எவ்வளவு நீளும்னு தாள்ல கோடு போட அவருதான் எனக்குப் பழக்குனாரு. காலை வெட்டுறதுக்கு முன்னால அதே மாதிரி ஆட்டு நரம்பையும் கட்டிப் பாத்தேன். ரப்பர் அஞ்சு மடங்கு, ஆறு மடங்கு நீளும். நரம்பு அப்படி இல்ல. முதல் ரெண்டு ராத்தலுக்குச் சுருக்கம் விட்டு லேசா நீளும். அப்புறம் இறுகிரும். ஏற்கெனவே எவ்வளவு பாரம் தாங்குதோ, அந்த அளவுக்கு அடுத்த ஒரு நூல் அளவு நீளுறதுக்கு அடம் பிடிக்கும். அதைத்தான் ஒரு பார்முலாவா எழுதினேன். நூத்துக்குப் பத்து பங்கு நீண்டா அறுந்துரும்.

– எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுலா.

– ஏறும். உன் குதிகாலுக்கு மேல கையை வை. கயிறாட்டம் தட்டுப்படுதா? ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உன் எடையைப்போல ரெண்டு மூணு பங்கை அதுதான் இழுக்குது. அதுல பாதியை வெட்டினா மீதிப் பாதி ரெட்டைப் பாரம் தாங்கணும். மெதுவா நடந்தா தாங்கும், ஓடினா அறும். எனக்கு வேண்டியதும் அதுதான். இப்போதைக்குச் சப்பான் டாக்டர் கண்ணுக்கு நொண்டியாத் தெரியணும். சண்டை முடிஞ்ச பிறகு மருதம்மாகூட பாடாங் செராய் சந்தைக்கு நடந்து போகணும்.

– எப்ப வெட்டுனீங்க?

– புதன்கிழமை, காலையில பேர் கூப்பிடுற பெரட்டு கலைஞ்ச பிறகு. பேனா மையால கோடு போட்டு, கோட்டு மேலயே கத்தியை வச்சேன். மறுநாள் டாக்டர் வந்து எல்லா ஆம்பளைங்களையும் குதிச்சுக் காட்டச் சொன்னான். குதிச்சா மிச்சமும் போயிரும்னு எனக்குத் தெரியும். அப்படியே கீழ விழுந்தேன். பூட்ஸ் காலால ஒரு மிதி மிதிச்சுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டான்.

– எங்கண்ணன் தர்மலிங்கம் அந்தச் சனிக்கிழமை லாரி ஏறுச்சு. கூடவே நானும் ஏறுனேன். அது அங்கயே பேதியில போயிருச்சு. அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச அந்தக் கோட்டை எங்க கால்லயும் ஒண்ணு போட்டிருக்கலாமில்ல?

– நினைச்சேன்.

– நினைச்சு?

– ஒரே வாரத்துல ஏழெட்டுப் பேரு நொண்டினா அவனுக்குத் தெரியாதா? எல்லாரையும் வரிசையா நிக்க வச்சிருப்பான். பயந்துட்டேன் முருகையா. அதான் உண்மை. வேற நியாயம் எங்கிட்ட இல்ல.

– ஆத்தா முகத்துல எப்படி முழிக்கப்போறேன்னு தெரியாம வந்திருக்கேன். இப்ப இதையும் சேத்து நான் சுமக்கணுமா?

– அடிக்கணும்னா அடிடா. வாங்கிக்கிறேன்.

– கையில தெம்பு இருந்தா அடிச்சிருப்பேன். சொல்லி முடிங்க.

– ரெண்டே நாள்ல காய்ச்சல் கண்டுருச்சு. நினைவு வந்தப்ப மருதம்மா போயி ரெண்டு நாளு ஆச்சு. வீட்டுக்குக் குறைஞ்சது ஒரு ஆளுன்னு உத்தரவாம். 'உன் பேருக்குப் பதிலா அவ போயிட்டா'ன்னு ஆப்பீசுல பேர் எழுதுற கிராணி ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. அத்தனை பாரத்தையும் கணக்குல சேத்த எனக்கு, அவளைச் சேக்கத் தோணல பாரு.

– அப்புறம்?

– அப்புறம் என்ன, ஒன்றரை வருஷம். வீட்டுல ரெண்டு தட்டு இருக்கு. ஒண்ணுலதான் திங்கிறேன், ரெண்டையும் கழுவி வைக்கிறேன். அவ பால் வெட்டுற நிரையில ஒரு மரம் இருக்கு. கத்தியைக் கொஞ்சம் சாய்ச்சு இழுப்பா, அவ வெட்டுன வெட்டு மட்டும் தனியாத் தெரியும். தினம் அதைத் தடவிட்டுத்தான் இங்க வருவேன். இப்பத்தான் பால் எடுக்குறதையே நிறுத்திட்டானே, பட்டை மூடிக்கிட்டே வருது. பாக்கப் பாக்கப் பதறும் எனக்கு.

– நடக்கவும் ஆரம்பிச்சீங்களாமே.

– இந்த வாரம் இவ்வளவு பாரம், இவ்வளவு தூரம்னு அட்டவணை போட்டுக்கிட்டேன். முதல்ல வாசல்படி வரைக்கும். இப்ப கரங்கான் ரோட்டுல மூணு மைலு போயிட்டு வந்துருவேன். சயாம் எல்லை நூறு மைலாம். என் கணக்குப்படி போனா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

– நடந்தே சயாமுக்கு வரப் பாத்தீங்களா!

– வேற எப்படி அவளைத் தேடுறது? ஆனா கணக்கும் சரியா வரமாட்டேங்குது. அந்தா தொங்குதே, பாரத்தைக் கூட்டாம சும்மா விட்டாலே நேரம் ஆக ஆக நீளுது. கல்லை அவுத்துட்டாத் திரும்புது, பழைய அளவுக்கு முழுசா வர்றதில்ல.

– எங்களை மாதிரின்னு சொல்லுங்க.

– அது செத்த நரம்பு முருகையா. எங்கால் உசுரோட இருக்கு. வெட்டுன இடத்தைத் தானே திருப்பிக் கட்டிக்குது. எவ்வளவு வேகமாக் கட்டுதுன்னு எந்தப் பார்முலாவுலயும் எழுதத் தெரியல எனக்கு. சரி, போதும். மருதம்மா என்ன சொல்லச் சொன்னா?

– போன மாசம் இங்கயிருந்து சயாமுக்கு வந்த ராக்காயிக்காதான் உங்களைப் பத்திச் சொல்லுச்சு. யாருகிட்டயும் பேசுறதில்ல, ரோட்டுல தனியா நடந்துக்கிட்டே இருக்காருன்னு. மதினி அன்னிக்குச் சோத்துல கை வைக்கல. உங்களைப் பாக்குறதுக்கு முன்னால உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்னுச்சு. அப்புறம், வண்டியை விட்டு எறங்க மாட்டேன், அவரே வரட்டும்னுச்சு.

– எம்மேல கோவம். இருக்கட்டும், நல்லாத் திட்டட்டும். அந்தக் குரலைக் கேட்டாப் போதும் எனக்கு.

– கோவம் இல்லண்ணே. எறங்க முடியாது.

– ஏன்?

– மூங்கில் கீறி முழங்காலுக்குக் கீழ புண்ணு வந்துருச்சு. எலும்பு தெரியிற அளவுக்குப் போச்சு. போன மழையில அந்தக் காலை எடுத்துட்டாங்க.

– எடுத்துட்டாங்கன்னா?

– அறுத்து எடுத்துட்டாங்கண்ணே. மருந்து மாயம் ஒண்ணும் இல்ல. நாங்க நாலு பேரு பிடிச்சுக்கிட்டோம். கத்தவே இல்ல. உங்க பேரை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

– ஐயோ மருதம்மா... நான் போயிருக்க வேண்டிய இடம்டா அது. அரை இஞ்சு வெட்டிக்கிட்டு நான் இங்க உக்காந்துட்டேன், அவ முழுக்காலையும் கொடுத்துட்டு வந்திருக்கா. நான்தான் அவளை லாரியில ஏத்துனேன். இந்தக் கையாலதான்.

– அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாரு, போய் இல்லைன்னு சொல்லுன்னுதான் என்னை அனுப்புச்சு. புண்ணைக் கழுவும்போதே அந்த மைக்கோட்டைப் பாத்துருச்சாம். நீங்களே வெட்டிக்கிட்டதுன்னு அதுக்கு அப்பவே தெரியும்; நான்தான் உங்க வாயால வரட்டும்னு தெரியாத மாதிரிக் கேட்டேன். வெட்டுனது வீணுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிருவீங்கன்னுதான் வாயைத் தொறக்காம லாரி ஏறிருச்சு.

– வீணா? ஏன் வீணு?

– நீங்க வெட்டுனது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமையே மதினி ஆப்பீசுக்குப் போயி, உங்க பேரை அடிச்சுட்டுத் தன் பேரை எழுத வச்சிருச்சுண்ணே.