சிவக்காத பிரிவு

வேலைக்கு வந்ததும் மேஜையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன், ஐயா. ஒழுங்கு என்றால் எனக்கு உயிர்.

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. வாடிக்கையாளர்களின் செய்திகளெல்லாம் என் கணினியில்தான் வந்து விழும். படித்துப் பார்த்து, எது எந்த வேலையைச் சேர்ந்ததோ அதற்குள் தள்ளவேண்டும். கதவுப் புகார் கதவுக்கு, மோட்டார் புகார் மோட்டாருக்கு. நாலு மணி நேரத்தில் மெக்கானிக் போகாவிட்டால் அந்த வேலை திரையில் சிவந்துவிடும். உடனே மேலாளர் என் தலைக்குமேல் வந்து நிற்பார்.

"என்னய்யா இது, தக்காளித் தோட்டமா?"

'பாராட்டுகள்' என்றும் ஒரு பிரிவு இருந்தது. அதற்குக் கெடு கிடையாது. சிவக்காது. ஒருநாள் ஓர் அம்மா, "உங்க லிஃப்ட் ரொம்ப அருமை. மூணு நாளா நாலாவது மாடியிலேயே தியானம் பண்ணுது" என்று எழுதியிருந்தார். முதல் வரி பாராட்டுதானே? அங்கே போட்டேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

பிறகு மென்பொருளுக்கே ஒரு விதி எழுதினேன். 'நன்றி' என்ற சொல் இருந்தால் நேராகப் பாராட்டுகளுக்குப் போகும். நம் ஜனங்கள் பண்பானவர்கள், ஐயா. வயிறெரிந்து எழுதினாலும் கடைசியில் நன்றி போட்டுவிடுகிறார்கள். இரண்டே மாதத்தில் திரை பச்சைப் பசேலென்று ஆனது. மெக்கானிக்குகள் கேரம் பழகினார்கள். மேலாளருக்குச் சிறந்த சேவைக் கேடயம் அறிவித்தார்கள்.

விழா ஒன்பதாவது மாடியில். மேலாளர் ஏறியது நாங்கள் பராமரிக்கும் லிஃப்டில். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது. அதன் அலாரம் அடிப்பதில்லை என்ற செய்தி பாராட்டுகளில் முப்பத்தேழாவதாக இருந்தது. உள்ளேயிருந்து பேச சிக்னல் இல்லை, கம்பெனி எண்ணுக்குச் செய்தி மட்டும் போனதாம்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். ஃபேனும் ஓடல. ஆள் அனுப்புப்பா. நன்றி."

விதி தன் வேலையைச் செய்தது. அரை மணி கழித்து வந்ததில் நன்றி இல்லை. அதனால் என்னிடமே வந்தது.

"யோவ், மூச்சு முட்டுதுய்யா."

எதிரே கேரம் ஆடிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். "ஏதாவது அவசரமாண்ணே?"

"ஒண்ணுமில்லப்பா, நீ ஆடு."

முதல் செய்தியைத் தேடி எடுத்தேன். ஏழு வருடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டுமுறை படித்தேன். ஒரே ஆளின் தொடர்ச்சியை முதல் செய்தி இருக்கும் இடத்தில்தான் சேர்க்கவேண்டும் என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. சேர்த்தேன். பிறகு வந்த பதினொன்றையும் என் கையாலேயே சேர்த்தேன். சாயங்காலம் காவலாளி கதவை நெம்பித் திறந்தாராம். மேலாளர் இப்போது ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கிறார் என்று கேள்வி.

அவர்மேல் பகையா என்று கேட்கிறீர்கள். பகை இருந்தால் அழித்திருப்பேனே, ஐயா. பாராட்டில் ஏன் சேர்க்கப்போகிறேன்?